லயத்துப் பிள்ளைக்குத் தொல்லியல் சோறு போடுமா?

கேள்வி:

ஐயா, நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தமிழ்ப் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு வரலாறு கற்பிக்கிறேன். என்னிடம் படித்த மூன்று பிள்ளைகள் இப்போது பல்கலைக்கழகத்தில் தொல்லியலைச் சிறப்புப் பாடமாகப் படிக்கிறார்கள். மூத்தவள் இந்த வருடம் பட்டம் முடிக்கிறாள். அவளுடைய அம்மா கொழுந்து பறிக்கிறார், அப்பா கொழும்பில் கடையில் நிற்கிறார். விரிவுரையாளர் பதவி எல்லோருக்கும் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். "டீச்சர், இதை வைத்துக்கொண்டு எந்த வேலைக்குப் போவது?" என்று கேட்கிறாள். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், உள்ளவர்களோ "புதையல் தோண்டவா படிக்கிறாய்?" என்கிறார்கள். நான் தொல்லியல் படித்தவள் அல்ல. இந்தப் பிள்ளைகளுக்கு வழிகாட்ட என்னால் முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

முடியும். நீங்கள் தொல்லியல் படிக்காதது இந்த வேலைக்குத் தடையே இல்லை. பாடத்தைப் பல்கலைக்கழகம் கற்பித்துவிடும். அங்கே பெரும்பாலும் கற்பிக்கப்படாத ஒன்று இருக்கிறது: ஒரு வேலையை எடுத்து, குறித்த நாளுக்குள் முடித்து, இன்னொருவர் பயன்படுத்தக்கூடிய வடிவில் கையில் கொடுப்பது. வெளியில் சம்பளம் கிடைப்பது அதற்குத்தான். அந்தப் பழக்கத்தை ஊட்ட ஒரு நல்ல ஆசிரியையால் முடியும். இந்தக் கடிதம் முழுவதும் அதைப் பற்றித்தான்.

முதலில் வேலை எங்கே இருக்கிறது என்பதைப் பார்ப்போம். அமெரிக்காவில் 1966இல் மரபுரிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இங்கிலாந்தில் 1990இல் திட்டமிடல் வழிகாட்டி ஒன்று வந்தது. அவற்றுக்குப் பிறகு அந்த நாடுகளில் வீதி போடுகிறவரும் கட்டடம் கட்டுகிறவரும் மண்ணைத் தொடும் முன் அங்கே பழையது ஏதும் உண்டா என்று பார்க்க வேண்டியதாயிற்று. இன்று அங்கே தொல்லியலில் சம்பளம் வாங்குவோரில் பெரும்பாலோர் பல்கலைக்கழகங்களுக்கு வெளியேதான் இருக்கிறார்கள். நம் நாட்டில் தொல்பொருள் திணைக்களம் 1890இலேயே தொடங்கிவிட்டது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. 1998இல் அதைத் திருத்தினார்கள். 2000ஆம் ஆண்டில் வந்த வர்த்தமானி ஒழுங்குகளின்படி, பெரிய அபிவிருத்தி வேலைகளுக்கு முன் தொல்லியல் தாக்க மதிப்பீடு, அதாவது அந்த வேலையால் பழைய எச்சங்களுக்கு என்ன ஆகும் என்ற ஆய்வு, செய்ய வேண்டும். செலவு திட்டத்தைக் கொண்டுவருகிறவருடையது. நான் பல வருடங்களாகச் செய்து வருவது இந்த வேலைதான்.

இங்கே இந்தச் சந்தை சிறியது. அதைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். ஆனால் மலையகத்தில் வேலை இல்லாமல் இல்லை. சிறு நீர்மின் திட்டம், வீதி விரிவாக்கம், சுற்றுலா விடுதி, புதிய வீட்டுத் திட்டம் என்று மலையை வெட்டுகிற காரியங்கள் ஓய்ந்தபாடில்லை. ஒரு மதிப்பீட்டுக் குழுவில் இளையவர் ஒருவர் செய்வது என்ன? பழைய வரைபடங்களையும் முந்தைய அறிக்கைகளையும் தேடி எடுக்கிறார். நிலத்தை வரிசை பிடித்து நடக்கிறார். கண்டதைப் படம் எடுத்து, அளந்து, அது நிற்கும் இடத்தைக் குறிக்கிறார். ஊர் ஆட்களிடம் பேசுகிறார். மாலையில் அறைக்கு வந்து, அன்று எழுத வேண்டியதை அன்றே எழுதுகிறார். வாரக் கடைசியில் நான்கு பக்கம் தயாராக இருக்க வேண்டும். எதுவுமே கிடைக்காத நாளில்கூட, "இந்த இடத்தில், இந்த முறையில் தேடினோம், எதுவும் கிடைக்கவில்லை" என்று தெளிவாக எழுத வேண்டும். அந்த வரியை நம்பித்தான் ஒருவர் பாதை வெட்டப் போகிறார்.

என்னிடம் நேர்முகத்துக்கு வரும் பட்டதாரிகளில் பலர் அனுராதபுரத்து அரசர் வரிசையைத் தங்குதடையின்றிச் சொல்லுவார்கள். மேசை மீது ஒரு பழைய ஓட்டுத் துண்டை வைத்து, "இதைப் பற்றி அரைப் பக்கம் எழுதுங்கள்" என்றால் திகைத்து நிற்பார்கள். நீளம், அகலம், தடிப்பு, நிறம், உடைந்த விளிம்பு பழையதா புதியதா, எங்கே கிடைத்தது, யார் எடுத்தது, எந்தத் தேதி என்று கண் பார்த்ததைக் கை எழுதினால் போதும். அது எழுதாமல், "இது பழங்காலத்தைச் சேர்ந்த அரிய பொக்கிஷமாக இருக்கலாம்" என்று எழுதிவிட்டு எழுந்து போகிறார்கள். அறிவுக்குறை என்று இதைச் சொல்லமாட்டேன். பார்த்ததை எழுத யாரும் அவர்களை உட்கார வைத்ததில்லை. உங்களால் உட்கார வைக்க முடியும். வாரம் ஒரு பொருள், ஒரு பக்கம். சிவப்புப் பேனையால் திருத்திக் கொடுங்கள். ஆறு மாதத்தில் மாற்றம் தெரியும்.

இனிக் களத்துக்கு வருகிறேன். பயிற்சிக்குச் சீகிரியாவுக்கோ பொலன்னறுவைக்கோ போக வேண்டும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அங்கே மத்திய கலாசார நிதியத்தின் திட்டங்கள் 1980 முதல் நடக்கின்றன. வாய்ப்புக் கிடைத்தால் கட்டாயம் போகட்டும். ஆனால் அவர்கள் பிறந்த தோட்டமே நல்ல பயிற்சிக் களம் என்பதை முதலில் அவர்களுக்குக் காட்டுங்கள்.

இந்தத் தீவின் கற்கால ஆய்வு தொடங்கியது எங்கே என்று கேளுங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரீன், ஜோன் போல் என்ற இருவர் மலைநாட்டில் சேகரித்துக் காட்டிய சிறு படிகக்கல் கருவிகளிலிருந்துதான். போல் ஒரு தோட்டத்துரை, தேயிலைத் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரர். அவற்றில் சில மஸ்கெலியாப் பக்கத்து மண்ணில் பொறுக்கியவை. உங்கள் பாடசாலையிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு இறங்கும் பாதையில் கித்துல்கலை வருகிறதே, அங்கே உள்ள பெலிலென குகையில் தொல்லியலாளர்கள் ஷிரான் தெரணியகலவும் விஜயபாலவும் செய்த அகழ்வுகள் உலகத் தொல்லியலாளர் கவனித்தவை. அந்த ஊரைத் தாண்டித்தான் உங்கள் மாணவர்கள் ஒவ்வொரு விடுமுறைக்கும் கொழும்புக்குப் போய் வருகிறார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: மண்வெட்டியைத் தொடக்கூடாது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருளுக்காகத் தோண்டுவது குற்றம். மழை கழுவிவிட்ட பாதையோரத்தில் ஏதாவது கண்ணில் பட்டால் எடுத்துப் பையில் போடவும் வேண்டாம். இருந்த இடத்திலேயே படம் எடுத்து, இடத்தைக் குறித்து, திணைக்களத்தின் பிராந்திய அலுவலகத்துக்கு எழுதி அறிவிக்கட்டும். "புதையல் தோண்டவா படிக்கிறாய்?" என்று கேட்கிற லயத்தாருக்குப் பதிலும் இதில் இருக்கிறது. புதையல் தோண்டுகிறவன் அழித்துவிட்டுப் போவதைக் காப்பாற்றும் வேலை இது என்று அந்தப் பிள்ளை தலை நிமிர்ந்து சொல்லட்டும்.

தோண்டாமல் என்ன செய்வது? லயத்தை அளக்கலாம்.

இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் பார்த்த பயிற்சிகளில் இதைவிடப் பயன் தந்தது வேறில்லை. தனி வீட்டுத் திட்டங்கள் வர வர, பழைய லயங்கள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. இடிபடட்டும். அந்தக் காம்பராக்களில், ஒரு குடும்பத்துக்கு ஒன்றான அந்த அறைகளில், மூன்று தலைமுறை நெருக்கி வாழ்ந்தவர்களுக்கு நல்ல வீடு வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் இடிப்பதற்கு முன் ஒரு பதிவு வேண்டும். இந்த நாட்டின் ஏற்றுமதியைச் சுமந்த மக்கள் எந்த அளவு இடத்தில் வாழ்ந்தார்கள் என்பதற்கு அந்தச் சுவர்தான் சாட்சி. எழுத்தில் வந்ததெல்லாம் பெரும்பாலும் துரைமார் எழுதியது.

இரண்டு பிள்ளைகள், ஒரு அளவு நாடா, வரைதாள், கைபேசி. இவ்வளவும் போதும். ஒரு காம்பராவின் நீள அகலம், சுவரின் தடிப்பு, கதவும் யன்னலும் எந்தத் திசை பார்க்கின்றன, அடுப்பு எங்கே, புகை போக வழி உண்டா, இஸ்தோப்பு என்ற முன்திண்ணை பிறகு அடைக்கப்பட்டதா, கூரைத் தகரம் எத்தனை முறை மாற்றப்பட்டது, தண்ணீர்ப் பீலியும் கக்கூசும் எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் அளவுகோல் தெரிய வேண்டும். வரைபடத்தில் வடக்குக் குறி, அளவுத்திட்டம், தேதி, அளந்தவர் பெயர் இருக்க வேண்டும். இவை இல்லாத வரைபடம் விலாசம் எழுதாத கடிதம் போலத்தான், எவ்வளவு அழகாக இருந்தாலும் போய்ச் சேராது. பிறகு அங்கே வாழ்ந்த மூத்தவர்களிடம் பேச வேண்டும். பேசுமுன் அவர்களின் சம்மதத்தை வாங்க வேண்டும். பெயரைப் போடலாமா என்று கேட்க வேண்டும். பதிவின் ஒரு பிரதியை அவர்கள் குடும்பத்துக்கே கொடுக்க வேண்டும்.

லயத்தோடு நிற்க வேண்டியதில்லை. ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையின் பக்கத்தில் காவல் தெய்வமான ரோதமுனிக்கு வைத்த கல் இருக்கும். காமன் கூத்து ஆடும் பொட்டல் இருக்கும். தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்துச் சுவர் எங்காவது புதருக்குள் நிற்கும். துரைமாரின் கல்லறைக்கு எழுத்து வெட்டிய கல் உண்டு. தொழிலாளர் புதைகுழிகளுக்குப் பெரும்பாலும் ஒரு மேடும் ஒரு செடியும்தான் அடையாளம், அவற்றையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். தோட்ட அலுவலகத்தில் வேலை நாளும் சம்பளமும் பதிந்த பழைய செக்ரோல் புத்தகங்கள் கறையான் தின்ன மிச்சம் இருந்தால், முகாமையாளரின் அனுமதியோடு பக்கம் பக்கமாகப் படம் எடுக்கலாம். பேர் விழுந்த நாள், அதாவது முழுநாள் சம்பளம் பதிந்த நாள், அரைப்பேர் விழுந்த நாள் எல்லாம் அதில் இருக்கும்.

இந்தப் பயிற்சியின் முடிவில் பிள்ளையின் கையில் பதினைந்து இருபது பக்கத்தில் ஒரு அறிக்கை இருக்கும். வேலை கேட்டுப் போகும்போது சான்றிதழுக்குப் பக்கத்தில் அதை வைக்கட்டும். ஆள் எடுக்கிறவர்கள் சான்றிதழை ஒருமுறை பார்ப்பார்கள், அறிக்கையைப் புரட்டுவார்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

பிரித்தானியாவில் இளம் தொல்லியலாளர்கள் திறன் கடவுச்சீட்டு என்று ஒரு சிறு புத்தகத்தைக் கையில் வைத்திருப்பார்கள். அளத்தல், வரைதல், படம் எடுத்தல், மண் அடுக்கை விவரித்தல் என்று ஒவ்வொரு திறனுக்கும் மேற்பார்வை செய்தவர் அதில் கையொப்பம் இடுவார். நீங்கள் ஒரு சாதாரண கொப்பியிலேயே இதைச் செய்யலாம். என்ன செய்தாள், எங்கே, எப்போது, யார் மேற்பார்வை, என்ன குறை கண்டார் என்று எழுதுங்கள். குறையைக் குறிக்காத கையொப்பத்துக்கு மதிப்பு இல்லை. நில அளவையாளர், கட்டட மேற்பார்வையாளர், நூலகர் யாரிடம் கற்றாலும் அவரிடம் கையொப்பம் வாங்கட்டும்.

கருவிகளைப் பொறுத்தவரை ஒன்றை வலியுறுத்துகிறேன்: வரைபடம் செய்யத் தெரிந்தவர் பட்டினி கிடக்கமாட்டார். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைக் காசு கொடுக்காமல் கணினியில் இறக்கிக்கொள்ளலாம். தியத்தலாவையில் நில அளவை மற்றும் படமாக்கல் நிறுவகம் இருக்கிறது. நில அளவையிலும் புவியியல் தகவல் முறைமையிலும் அங்கே பயிற்சி நடக்கிறது. மலையகத்துக்குள்ளேயே இப்படி ஓர் இடம் இருப்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் யாரும் மறக்கவில்லை. மண்சரிவு அபாயத்தை வரைபடமாக்கும் வேலைக்கும், பழைய குடியிருப்புகளை வரைபடமாக்கும் வேலைக்கும் தேவைப்படும் கைத்திறன் ஒன்றேதான். தொல்லியலில் இடம் கிடைக்காத காலத்திலும் இந்தத் திறன் வேறு கதவைத் திறக்கும். ட்ரோன் கற்க ஆசைப்பட்டால் கற்கட்டும், ஆனால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளைப் படித்த பிறகு.

மொழி பற்றி நேராகவே பேசுகிறேன். நம் பிள்ளைகள் சிங்களம் பேசுகிறார்கள், எழுதத் தயங்குகிறார்கள். களத்தில் உத்தியோகத்தரோடும் கிராமத்தாரோடும் பெரும்பாலான வேலை சிங்களத்தில் நடக்கும். அறிக்கையோ பலவேளை ஆங்கிலத்தில் வேண்டும். இரண்டையும் எழுதப் பழகாமல் இந்தத் துறைக்கு வர வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அதே மூச்சில் தமிழின் பலத்தையும் சொல்லுங்கள். கம்பளை அரசு காலத்து லங்காதிலக விகாரைக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே பாறையில் 14ஆம் நூற்றாண்டுச் சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் வெட்டப்பட்டிருக்கிறது. அருகே கடலாதெனிய விகாரை. 1344இல் எழுந்த அந்தக் கற்கோயிலைக் கட்டியவர் தென்னிந்தியச் சிற்பி கணேஸ்வராச்சாரி. பழைய தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரிந்த, சிங்களமும் எழுதத் தெரிந்த இளைஞர்கள் இந்த நாட்டில் மிகச் சிலர். அந்தச் சிலரில் ஒருத்தியாக உங்கள் மாணவி இருந்தால் அவளை யாரும் எளிதில் ஒதுக்க முடியாது. அருங்காட்சியகங்களிலும் தலங்களிலும் உள்ள தமிழ் அறிவிப்புப் பலகைகளைத் திருத்தி எழுதும் வேலையே பல பேருக்குக் காணும்.

மற்ற வாசல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அருங்காட்சியகம் ஒன்று. ஹந்தானையில் 1925இல் கட்டிய தொழிற்சாலையில் தேயிலை அருங்காட்சியகம் இயங்குகிறது. கம்பளைப் பகுதியில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயக் காம்பராக்களிலேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் 2007இல் அமைந்தது. இரண்டையும் ஒரே வாரத்தில் பார்க்க வையுங்கள். முதலாவதில் இயந்திரம் பேசும், இரண்டாவதில் ஆள் பேசுவார். எதைக் காட்சிக்கு வைப்பது, எதை எப்படிச் சொல்வது என்ற பயிற்சி அந்த ஒப்பீட்டில் தானாக வரும். சுற்றுலா வழிகாட்டி உரிமம் இன்னொரு வழி. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழங்குகிறது, பயிற்சியும் பரீட்சையும் உண்டு. தொல்லியல் பட்டதாரி வழிகாட்டியாவதைத் தாழ்வாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் நினைக்கவில்லை. கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையை இடிக்காமல் 1996இல் ஹோட்டலாக மாற்றினார்கள். அப்படிப்பட்ட கட்டடங்களின் கதையைச் சரியாகச் சொல்லவும், எதை மாற்றக்கூடாது என்று உரிமையாளருக்கு எடுத்துச் சொல்லவும் படித்தவர் வேண்டும்.

அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனத்துக்காகப் பட்டதாரிகள் வருடக்கணக்கில் காத்திருப்பது உங்களுக்குத் தெரியும். விண்ணப்பிக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மாதச் சம்பளம் ஒரு லயத்துக் குடும்பத்துக்கு என்ன என்பதை அறிவேன். பிரதேச செயலகத்தில் அந்தப் பதவியில் இருந்துகொண்டே தன் பிரிவின் மரபுரிமைப் பட்டியலைத் தயாரித்தவர்களையும் கண்டிருக்கிறேன். காத்திருக்கும் காலத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் பிழை. பட்டம் முடிந்து இரண்டு வருடம் ஒரு அறிக்கையும் எழுதாத பிள்ளையின் கை மரத்துப் போகிறது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. இந்தத் துறையில் "அனுபவம் கிடைக்கும், வாருங்கள்" என்று கூப்பிட்டுச் சம்பளம் இல்லாமல் வேலை வாங்குகிற பழக்கம் இருக்கிறது. கொழும்பில் வீடு உள்ள பிள்ளைக்கு அது சமாளிக்கக்கூடியது. பொகவந்தலாவையிலிருந்து வருகிறவளுக்குப் பஸ் காசு, தங்கும் அறை, மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் அம்மாவின் கொழுந்துக் காசிலிருந்து போக வேண்டும். பேர் விழாத வேலைக்கு ஆள் அனுப்புவதில்லை என்று தோட்டத்தில் நாம் போராடிக் கற்ற பாடத்தைப் பட்டதாரிப் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் மறப்பது ஏன்? அழைப்பு வந்தால் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்: பயணமும் தங்குமிடமும் யார் செலவு, அறிக்கையில் என் பெயர் வருமா, என்னை மேற்பார்வை செய்பவர் யார். பதில் மழுப்பலாக வந்தால் போக வேண்டாம். பெண் பிள்ளை என்றால் தங்குமிடத்தையும் குழுவில் இன்னொரு பெண் இருக்கிறாரா என்பதையும் நீங்களே தொலைபேசியில் விசாரியுங்கள். இதைக் கேட்டதற்காகக் கோபிக்கிற குழு நல்ல குழு அல்ல.

இன்னொன்றையும் மறைக்க முடியாது. இந்த நாட்டில் தொல்லியல் அமைதியான துறை அல்ல. 2020இல் கிழக்கு மாகாணத்துக்கான தொல்லியல் செயலணி அமைந்தபோது அதில் ஒரு தமிழரும் ஒரு முஸ்லிமும் இல்லை என்பது எவ்வளவு மனத்தாங்கலை உண்டாக்கியது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு கல் கிடைத்தால் அது யாருடையது என்ற சண்டை முதலில் வருகிறது, அது என்ன என்ற கேள்வி பிறகுதான் வருகிறது. உங்கள் மாணவியை இரு பக்கத்தாரும் இழுப்பார்கள். தன் ஆட்களே "நமக்குச் சாதகமாக எழுது" என்பார்கள். கண்டதைக் கண்டபடி எழுதுகிற பழக்கம், அந்தச் சிறு ஓட்டுத் துண்டைப் பற்றி அரைப் பக்கம் எழுதிய நாளிலிருந்து வந்திருந்தால், அப்போது அவளைக் காப்பாற்றும். நம் சமூகத்திலிருந்து இந்தத் துறைக்குப் பிள்ளைகள் போக வேண்டும் என்று நான் இவ்வளவு ஆசைப்படுவதற்குக் காரணமும் இதுதான். நம் முன்னோர் தோட்டங்களுக்கு வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அந்தப் பழைய நடைபாதையில் நம் முன்னோர் தங்கிய இடம், செத்து விழுந்த இடம் எல்லாம் இன்னும் முறையாக அளந்து பதிவு செய்யப்பட வேண்டியவை. அந்த வேலையை இன்னொருவர் வந்து செய்து தரும் வரை நாம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

இப்போது உங்கள் மூத்த மாணவிக்கு. பட்டம் முடிய இன்னும் சில மாதங்கள் இருக்கும். ஆய்வுக் கட்டுரைத் தலைப்பு இன்னும் உறுதியாகவில்லை என்றால், தன் தோட்டத்தின் ஒரு டிவிஷனை, அதாவது ஒரு பிரிவை, எடுக்கட்டும். உறுதியாகிவிட்டால், கட்டுரையோடு சேர்த்து லயப் பதிவு ஒன்றைத் தனியாகச் செய்யட்டும். மேற்படிப்பு ஆசை இருந்தால் களனிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தொல்லியல் பட்டப்பின்படிப்பு நிறுவகம் இருக்கிறது. ஆனால் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போனால் எதைப் படிக்க வேண்டும் என்பது அவளுக்கே தெரியும். இளைய இருவரும் அவளுடைய அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்கட்டும். அடுத்த வருடம் நாடா அவர்கள் கைக்கு வரும், மறுமுனைக்கு நீங்கள் உயர்தர வகுப்பிலிருந்து ஆள் அனுப்புங்கள்.

மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றும் காலம் வந்தால் ஒரு நாளை அதற்கென்று ஒதுக்குங்கள். 1969இல் நீருக்குள் போன பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் அப்போது வெளியே தெரியும். ஊர் சனம் படம் எடுக்கத் திரளும். உங்கள் பிள்ளைகள் குறிப்புப் புத்தகத்தோடு போகட்டும். சேற்றில் இறங்க வேண்டாம், எதையும் எடுக்க வேண்டாம். கரையில் நின்று ஒவ்வொரு சுவரும் எந்தத் திசையில், எவ்வளவு உயரத்துக்கு மிஞ்சி இருக்கிறது என்று குறித்தாலே நல்ல பயிற்சி. பழைய நகரத்தில் கடை வைத்திருந்த குடும்பத்து மூத்தவர் யாராவது கூட வந்தால், எந்தச் சுவர் எந்தக் கட்டடம் என்பதை அவரிடம் கேட்டு அன்றே எழுதிவிடலாம். அந்த நினைவுள்ளவர்கள் இப்போது மிகவும் வயதானவர்கள்.

முதல் வேலை தோட்ட முகாமையாளருக்கு ஒரு பக்கக் கடிதம். ஆங்கிலத்தில், பாடசாலைக் கடிதத்தாளில், அதிபரின் கையொப்பத்தோடு போகட்டும். எந்த லயம், எந்தத் தேதிகள், எத்தனை மாணவர்கள், பொறுப்பாளர் யார், தோண்டமாட்டோம், எதையும் எடுக்கமாட்டோம், அறிக்கையின் பிரதி ஒன்றைத் தோட்டத்துக்குத் தருவோம் என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். கடிதத்தின் பிரதியைக் கிராம உத்தியோகத்தருக்கும் தோட்டத் தலைவருக்கும் கொடுங்கள். பதில் வர இரண்டு வாரம் ஆகலாம். அந்த இடைவெளியில் பாடசாலைக் கட்டடத்தையே அளந்து வரையட்டும். அந்த வரைபடத்தையும் முதல் நான்கு பக்கத்தையும் இந்தப் பத்திரிகையின் முகவரிக்கு என் பெயருக்கு அனுப்பிவையுங்கள். திருத்தி, என்ன குறை என்று ஓரத்தில் எழுதி, கையொப்பம் இட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.